தனியேன் அல்லேன்

நுழையும்முன்

வாய்மொழியாக வழங்கிய கதை ஏட்டில் ஏறியது. ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து வெள்ளித்திரைக்கும் சென்றது. அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்காவில் அத்தகைய கதையொன்று காணொலி விளையாட்டாக வடிவெடுத்தது. பழங்குடி மக்களின் அமைப்பொன்று தொடங்கிய சிறு நிறுவனமே அதற்குக் காரணம். அந்நிறுவனத்தின் வரலாற்றையும் அது காக்க முயன்ற மொழியின் நிலையையும் இப்பாடம் விளக்குகிறது.

பனிநிலத்து மக்கள்

அலாஸ்கா நிலப்பரப்பை 1867ஆம் ஆண்டில் உருசியாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கியது. விற்றவரும் வாங்கியவரும் அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் மக்களின் ஒப்புதலைக் கேட்கவில்லை. அம்மக்களுள் ஒரு பிரிவினர் இனுபியட் எனப்படுவோர். 'உண்மையான மக்கள்' என்பது அப்பெயரின் பொருள். அலாஸ்காவின் வடக்கு, வடமேற்குக் கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் அவர்கள் வாழ்கின்றனர். முன்பு பேரோ என்றும் இன்று உட்கியாக்விக் என்றும் வழங்கும் ஊரில் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கதிரவன் எழுவதே இல்லை. திமிங்கிலம், கடல்நாய், கலைமான், மீன் ஆகியனவே அவர்களின் வாழ்வாதாரம். ஒரு திமிங்கிலம் கிடைத்தால் அதன் இறைச்சி ஊர் முழுமைக்கும் பகிரப்படும். பகிராமல் வாழ்பவன் அப்பனிவெளியில் நெடுநாள் பிழைக்க இயலாது என்பதால், பகிர்தல் அங்கு வாழ்வியல் தேவையாகவே அமைந்தது.

நீண்ட இருளும் கடுங்குளிரும் நிலவும் காலத்தில் வீட்டிற்குள் கூடியிருந்து கதை கேட்பது அவர்கள் வழக்கம். பனிக்கட்டி எப்போது தாங்கும், எப்போது உடையும், புயலில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும், பெரியோரிடமும் விலங்கிடமும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பனவெல்லாம் கதையாகவே அடுத்த தலைமுறைக்குச் சென்றன. வானில் அசையும் வடதுருவ ஒளியைக் கண்டால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவ்வொளியில் திரிவோர் தலையைப் பறித்துப் பந்தாடுவர் என்று சிறுவர்களை எச்சரிக்கும் கதையும் உண்டு. உறைகுளிரில் தலையை மூடாமல் வெளியே திரியும் சிறுவனை வீட்டிற்குள் அழைக்க இதைவிடச் சிறந்த வழி இராது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதைத்தொடர் அறுபடத் தொடங்கியது. பழங்குடிச் சிறுவர்களுக்கான பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே இடம்பெற்றது. தாய்மொழியில் பேசிய மாணவர்கள் தண்டிக்கப்பட்டனர். குடும்பத்தைப் பிரிந்து தொலைவிலுள்ள உறைவிடப் பள்ளிகளுக்குப் பலர் அனுப்பப்பட்டனர். அடிபட்டுக் கற்றவர்கள், தம் பிள்ளைகளேனும் அத்துன்பத்திற்கு ஆளாகக் கூடாது என்று எண்ணி வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். இதன் விளைவாக இனுபியாக் மொழியை நன்கு பேசுவோர் பெரும்பாலும் முதியோராகவே உள்ளனர். தாத்தா சொல்லும் கதை பெயரனுக்குப் புரிவதில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அலாஸ்கா மாநிலம் இனுபியாக் உள்ளிட்ட 20 பழங்குடி மொழிகளுக்கு ஆங்கிலத்தோடு அலுவல்மொழித் தகுதியை அளித்தது.

தெரிந்து தெளிவோம்

இனுபியாக் மொழியில் எண்ணும் முறை இருபதை அடிப்படையாகக் கொண்டது. கைவிரல்களும் கால்விரல்களும் சேர்ந்த முழு மனிதனே இருபது. பத்தை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான எண்குறிகள் இம்முறைக்குப் பொருந்தவில்லை. 1990களில் காக்டோவிக் என்னும் சிற்றூரின் பள்ளி மாணவர்கள் தம் ஆசிரியரின் துணையுடன் இதற்கெனப் புதிய எண்குறிகளை உருவாக்கினர். சில கோடுகளை வைத்தே கூட்டலையும் கழித்தலையும் கண்ணால் கண்டறியுமாறு அமைந்த அவ்வெண்கள், 2022ஆம் ஆண்டில் கணினிக்கான ஒருங்குறியில் இடம்பெற்றன.

மன்றம் தொடங்கிய நிறுவனம்

அலாஸ்காவின் பெருநகரமான ஆங்கரேஜில் 1983ஆம் ஆண்டு முதல் குக் இன்லெட் பழங்குடியினர் மன்றம் செயல்பட்டு வருகிறது. கல்வி, வேலைவாய்ப்புப் பயிற்சி, குடும்பநலம், போதைமீட்பு முதலிய பணிகளை அது ஆற்றுகிறது. இலாபநோக்கற்ற அம்மன்றத்தின் வருவாயில் பெரும்பகுதி அரசு நல்கையாகும். நல்கை என்பது ஓராண்டு வரும். மறு ஆண்டு குறையும். எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடலாகாது என்னும் விதிகளும் அதனோடு சேர்ந்தே வரும். இந்நிலையை மாற்ற மன்றத்தின் தலைவர் கிளோரியா ஓ'நீல் எண்ணினார். தம் மக்களுக்கெனத் தாமே பொருளீட்டும் தொழிலொன்று வேண்டும். அது தம் பண்பாட்டை வளர்ப்பதாகவும் இளைஞர்களை ஈர்ப்பதாகவும் அமைய வேண்டும் என்பது மன்றத்தின் விருப்பம். பல தொழில்களை ஆராய்ந்தபின் அவர்கள் தேர்ந்தது காணொலி விளையாட்டு.

இத்தேர்வு பலருக்கும் வியப்பளித்தது. இளையோர் நேரத்தை வீணாக்குவதாகப் பெற்றோர் குறைகூறும் ஒன்றினைப் பண்பாட்டுக் காப்பிற்குக் கருவியாகக் கொள்வதா என்னும் ஐயம் இயல்பானதே. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே கதை செல்ல வேண்டும் என்பதே மன்றத்தார் கொண்ட கருத்து. அதில் வணிகக் கணக்கும் கலந்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஈட்டாத நிறுவனம் எந்தப் பண்பாட்டையும் நெடுநாள் தாங்க இயலாது.

இவ்விடத்தில் தன்னுரிமை விளையாட்டு நிறுவனம் என்பதன் பொருளை அறிவது நலம். பெரும் பதிப்பு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பணியாளர்களைக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்து ஒரு விளையாட்டை வெளியிடும். அவ்வளவு பொருளை முதலீடு செய்வோர், முன்பு வெற்றிபெற்ற வகையையே மீண்டும் நாடுவர். துப்பாக்கியும் பந்தயமும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அத்தகைய பதிப்பாளரின் கட்டளைக்கு உட்படாமல், சிறு குழுவாகத் தாம் விரும்பியதை உருவாக்குவோரே தன்னுரிமையாளர். இரண்டு மாற்றங்கள் இவர்களுக்குக் கைகொடுத்தன. இணையவழி விற்பனை வந்ததால் குறுந்தகட்டை அச்சிட்டுக் கடைதோறும் அனுப்பும் செலவு நீங்கியது. யூனிட்டி போன்ற ஆக்கப்பொறிகள் கிடைத்ததால் ஒளி, நிழல், அசைவு, மோதல் ஆகியவற்றுக்கான அடிப்படை நிரல்களை ஒவ்வொரு குழுவும் புதிதாக எழுத வேண்டிய தேவை குறைந்தது.

மன்றத்தாருக்கு இத்துறையில் பட்டறிவு இல்லை. எனவே கல்விசார் விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட ஈ-லைன் மீடியா என்னும் நிறுவனத்தை நாடினர். அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஆலன் கெர்ஷன்ஃபெல்ட், பெரிய விளையாட்டு நிறுவனமொன்றில் உயர்பொறுப்பு வகித்தவர். இத்துறையில் பொருளிழந்தோர் பலர் என்பதை அவர் நன்கு அறிவார். எனினும் மன்றத்தாரின் உறுதி அவரையும் உடன் அழைத்துக்கொண்டது. 2012ஆம் ஆண்டில் அப்பர் ஒன் கேம்ஸ் தோன்றியது. அமெரிக்கப் பழங்குடியினர் உடைமையாகக் கொண்ட முதல் வணிகமுறை விளையாட்டு நிறுவனமாக அது அறியப்படுகிறது. பெயரிலும் ஒரு குறும்பு உண்டு. அலாஸ்கா மக்கள் தமக்குத் தெற்கே ஒரே நிலப்பரப்பாக அமைந்த மாநிலங்களைக் 'கீழுள்ள நாற்பத்தெட்டு' என்று குறிப்பர். ஆகவே தம் மாநிலம் 'மேலுள்ள ஒன்று' ஆயிற்று.

கதையைக் கேட்டுப் பெறுதல்

முதல் விளையாட்டிற்கு ஏற்ற கதையாகக் 'குனூக்சாயுகா' தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓயாமல் வீசும் பனிப்புயலால் ஓர் ஊர் உணவின்றி வாடுகிறது. புயல் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு சிறுவன் தனியே புறப்படுகிறான். பேருருவம் கொண்ட ஒருவன் வாய்ச்சியால் பனியைக் கொத்தி வீசிக்கொண்டிருக்கிறான். அதுவே புயலாக மாறி ஊரைத் தாக்குகிறது. சிறுவன் அவ்வாய்ச்சியைக் கவர, புயல் அடங்குகிறது. ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லேண்ட் என்னும் புகழ்பெற்ற கதைசொல்லியின் வாய்மொழியாக இக்கதை பதிவாகியிருந்தது.

அச்சில் வந்துவிட்ட பழங்கதையை எவரும் எடுத்தாளலாம் என்று கருதும் வழக்கம் வணிக உலகில் உண்டு. சட்டமும் பலநேரங்களில் அதனைத் தடுப்பதில்லை. அப்பர் ஒன் நிறுவனம் அவ்வழியில் செல்லவில்லை. கிளீவ்லேண்ட் மறைந்துவிட்ட நிலையில், அவர் மகளான மின்னி கிரே என்னும் மூதாட்டியைக் குழுவினர் தேடிச் சென்று இசைவு பெற்றனர். கதையில் தாம் செய்ய விரும்பிய மாற்றங்களையும் அவரிடம் எடுத்துரைத்தனர். சிறுவனுக்கு மாறாக நூனா என்னும் சிறுமி கதைத்தலைவியானாள். நூனா என்பதற்கு நிலம் என்பது பொருள். அவளுக்குத் துணையாக ஒரு பனிநரியும் சேர்ந்தது. கதை சொல்பவருக்கேற்ப மாறுவது வாய்மொழி மரபின் இயல்பு. ஆயினும் மாற்றுபவர் யாரிடம் கேட்டு மாற்றுகிறார் என்பதே இங்கு முதன்மை பெறுகிறது. இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க பகுதி, நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன் நடந்த இந்த உரையாடலே எனலாம்.

படைப்பியக்குநர் ஷான் வெஸ்ஸியும் ஓவியர்களும் நிரலாளர்களும் சியாட்டில் நகரில் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் பழங்குடியினர் அல்லர். எனவே குழுவினர் அலாஸ்காவுக்குப் பலமுறை சென்று முதியோரையும் கைவினைஞரையும் மாணவரையும் சந்தித்தனர். ஏறத்தாழ 40 பழங்குடி முதியோரும் கதைசொல்லிகளும் சமூகத்தினரும் இப்படைப்பில் பங்கேற்றனர். இனுபியட், டிலிங்கிட் மரபுகளில் வந்த எழுத்தாளர் இஷ்மேல் ஹோப் கதையாக்கத்தில் பங்குகொண்டார். உடையின் தைப்பு, வேட்டைக் கருவியின் வடிவம், ஆவிகளின் தோற்றம் ஆகியவை ஒவ்வொன்றும் சமூகத்தாரின் பார்வைக்குச் சென்று திரும்பின. தவறெனச் சுட்டியவை திருத்தப்பட்டன. காலமும் செலவும் கூடிய இம்முறையைக் குழுவினர் கைவிடவில்லை.

கதைசொல்லியின் குரலுக்கு எம்மொழியைக் கொள்வது என்னும் வினாவும் எழுந்தது. ஆங்கிலத்தில் சொன்னால் உலகச் சந்தை எளிதில் ஏற்கும். முழுமையாக இனுபியாக் மொழியில் சொல்வதே முடிவாயிற்று. ஜேம்ஸ் நகீக் என்னும் முதியவரின் குரலில் கதை ஒலிக்க, மொழிபெயர்ப்பு எழுத்துகள் திரையில் தோன்றும். உலகின் எம்மூலையில் இருப்பவரும் இவ்விளையாட்டை ஆடும்போது அம்மொழியைக் காதால் கேட்டேயாக வேண்டும்.

பெயரில் அமைந்த இலக்கணம்

விளையாட்டின் ஆங்கிலப் பெயர் 'நெவர் அலோன்'. இனுபியாக் மொழியில் அது 'கிசிமா இன்ஙிட்சுஙா' எனப்படும். நம் நெடுங்கணக்கில் தனியெழுத்தாக உள்ள ஙகர ஒலி அம்மொழியில் மிகுதியாக வழங்குகிறது. உரோமானிய வரிவடிவில் எழுதும்போது அதற்கெனத் தனிக்குறியும் உண்டு. 'கிசிமா' என்பது 'நான் தனியாக' என்று பொருள்படும். 'இன்ஙிட்சுஙா' என்னும் சொல்லுக்குள் இருத்தலைக் குறிக்கும் அடியும், எதிர்மறையும், பேசுபவரைக் காட்டும் ஈறும் ஒட்டி நிற்கின்றன. 'தனியேன் அல்லேன்' என்று தமிழில் கூறும்போதும் இவ்வாறே 'ஏன்' என்னும் தன்மை ஒருமை விகுதி இரு சொற்களிலும் ஒட்டி வருவதைக் காணலாம். உறவே இல்லாத இரு மொழிகள் தத்தம் வழியில் ஒட்டுநிலையை வளர்த்துக்கொண்டுள்ளன. இனுபியாக் மொழி இதில் நம்மையும் விஞ்சி, நீண்டதொரு வாக்கியத்தையே ஒற்றைச் சொல்லாக்கிவிடும்.

ஆட்டமும் அறிவும்

சிறுமியும் நரியும் இவ்விளையாட்டின் இரு தலைமக்கள். இருவர் சேர்ந்து ஆடலாம். ஒருவரே மாறி மாறி இருவரையும் இயக்கவும் செய்யலாம். நரி செங்குத்தான பனிச்சுவர்களில் ஏறும். துணைசெய்யும் ஆவிகள் அதன் அருகில் வெளிப்படும். நூனா கனமான பொருள்களைத் தள்ளுவாள். எடைகள் கட்டிய கயிற்றை எறிந்து தடைகளை உடைப்பாள். ஒருவர் வீழ்ந்தால் மற்றவரும் முன்னேற இயலாது. கடுங்காற்று வீசும்போது ஓடுபவர் தூக்கி எறியப்படுவார். குனிந்து தரையோடு ஒட்டிக்கொள்பவரே தப்புவார். புயலில் என்ன செய்ய வேண்டும் என்று பாட்டன் கதையாகச் சொன்னதை, ஆடுபவரின் விரல்கள் இங்குச் செய்து பழகுகின்றன. நூலோ திரைப்படமோ தர இயலாத பயன் இதுவே.

கதைநிகழ்வுகளுக்கு இடையே வரும் காட்சிகள், தந்தத்தில் கோடுகளைக் கீறி உருவங்களை வரையும் அம்மக்களின் செதுக்கோவிய முறையில் அமைந்துள்ளன. ஆட்டத்தின் போக்கில் 24 குறும்படங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அவற்றில் முதியோரும் இளையோரும் தோன்றித் தம் வாழ்வைக் கூறுகின்றனர். 'சிலா' என்னும் சொல்லுக்கு விளக்கம் தரும் பகுதி அவற்றுள் சிறந்தது. காற்று, வானிலை, நிலத்திற்கும் வானிற்கும் இடையேயுள்ள வெளி ஆகிய அனைத்தையும் குறிக்கும் அச்சொல், அவை உயிருடையன என்னும் எண்ணத்தையும் சுமக்கிறது. கடற்பனி முன்போலத் தடிப்பாக உறையாததை வேட்டையாடுவோர் சொல்லும் பகுதியும் உண்டு. காலநிலை மாற்றம் அவர்களுக்கு ஆய்வேட்டுச் செய்தியாக வரவில்லை; நடக்கும் தரையாகவே வந்துள்ளது.

கதையின் நடுவில், ஊரை அழித்த கொடியவன் கையால் நரி இறக்கிறது. விளையாட்டில் ஒரு பாத்திரம் இறந்தால் மீண்டும் தொடங்கலாம் என்று பழகியவர்களை இவ்விடம் திகைக்கவைக்கும். சற்று நேரத்தில் நரியின் ஆவி சிறுவனின் உருவில் திரும்பி வந்து நூனாவுடன் நடக்கிறது. உயிர்களுக்கிடையே உள்ள உறவு சாவோடு முடிவதில்லை என்னும் அம்மக்களின் நம்பிக்கை விளக்கவுரை ஏதுமின்றி இங்கு வெளிப்படுகிறது.

குறையும் நிறையும்

2014ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் விளையாட்டு வெளியானது. சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்றும், தனியாக ஆடும்போது கணினி இயக்கும் துணைப்பாத்திரம் சரியான இடத்தில் நில்லாமல் ஆடுபவரை வீழ்த்துகிறது என்றும் திறனாய்வாளர் பலர் குறைகூறினர். அக்குறைகள் உண்மையானவை. பண்பாட்டுச் சிறப்பு இருப்பதாலேயே ஆட்டத்தின் பிழை பிழையன்று என ஆகிவிடாது. கைகள் இரண்டு சேர்ந்தால் அத்தொல்லை பெரிதும் நீங்கும். தனிமையில் ஆடுவோரே மிகுதி என்பதைக் குழுவினர் இன்னும் கருதியிருக்கலாம். இக்குறைகளைச் சுட்டியவர்களும், கதை சொன்ன முறையையும் குறும்படங்களையும் பாராட்டினர். 2015ஆம் ஆண்டில் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமான பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டிற்கான விருதை இதற்கு வழங்கியது. 'நரிக் கதைகள்' என்னும் இணைப்புப் பகுதியும் அவ்வாண்டே வந்தது.

நிறுவனத்தின் வாழ்வு தனிப்பெயருடன் நெடுங்காலம் நீளவில்லை. 2014ஆம் ஆண்டிலேயே அப்பர் ஒன், ஈ-லைன் நிறுவனத்துடன் இணைந்தது. ஓராண்டு இரண்டாண்டுகளில் ஒரு நிறுவனத்தின் பெயர் மறைவதைத் தோல்வியெனக் கொள்வது எளிது. ஆனால் இணைப்பின்போது பழங்குடியினர் மன்றம் ஈ-லைன் நிறுவனத்தின் மிகப்பெரிய பங்குதாரரானது. உதவிக்காகத் தேடிச் சென்ற நிறுவனத்தின் முதன்மை உரிமையாளராகவே மன்றம் அமர்ந்தது. அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டில் ஆழ்கடல் ஆய்வை மையமாகக் கொண்ட 'பியாண்ட் புளூ' என்னும் விளையாட்டை வெளியிட்டது.

ஒரு விளையாட்டு, மறையும் மொழியை மீட்டுவிடுமா என்று கேட்டால் மீட்காது என்றே விடை கூற வேண்டும். மொழியை மீட்பது வீடும் பள்ளியும் செய்ய வேண்டிய பணி. மூன்று மணி நேரம் கேட்ட குரலால் எவரும் இனுபியாக் பேசக் கற்றுவிடுவதில்லை. அம்மொழி பேசும் சிறுவன் ஒருவன், தன் பாட்டனின் பேச்சு விளையாட்டுப்பெட்டியிலிருந்து ஒலிப்பதைக் கேட்கும்போது அவன் கொள்ளும் பெருமிதத்தை அளக்கவும் அளவுகோல் இல்லை. உறைவிடப் பள்ளியில் அடிவாங்கித் தந்த அதே மொழி, உலகச் சந்தையில் விலை கொடுத்து வாங்கப்பட்ட பொருளின் குரலாக அமைந்தது.

நியூயார்க்கிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் இவ்விளையாட்டைத் தன் தொகுப்பில் சேர்த்துள்ளது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்குக் காணொலி விளையாட்டுகளுக்கெனத் தொடங்கிய கண்காட்சிக்கு 'நெவர் அலோன்' என்றே பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில், நூனாவும் நரியும் மீண்டும் தோன்றும் இரண்டாம் பாகம் உருவாகிவருவதாக ஈ-லைன் நிறுவனம் அறிவித்தது.